ஒரு விலங்கு கொறிணியா இல்லையா என்பதை எது தீர்மானிக்கிறது?

பல்தான். உருவமோ வாலோ அல்ல. மேல்தாடையில் இரண்டு, கீழ்த்தாடையில் இரண்டு என நான்கே வெட்டுப்பற்கள் இருக்கும். அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட பாலூட்டிகளைத்தான் கொறிணி அல்லது கொறித்துண்ணி என்கிறோம்.

வளர்ந்துகொண்டே போகும் பல் வாயைக் கிழித்துவிடாதா? கொறிக்கக் கொறிக்கத் தேய்ந்துவிடும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்தப் பற்களின் முன்பக்கத்தில் மட்டுமே கடினமான எனாமல் பூச்சு இருக்கிறது. பின்பக்கம் மென்மையானது என்பதால் சீக்கிரம் தேய, முன்விளிம்பு எப்போதும் கூராகவே நிற்கிறது. தானே சாணை பிடித்துக்கொள்ளும் தச்சு உளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாத எலிக்கு இந்தத் தேய்மானம் நடக்காது. பல் நீண்டு வளைந்து, தின்ன முடியாமல் இறந்தே போகலாம்.

அணில், பீவர், முள்ளம்பன்றி, 50 கிலோவைத் தாண்டும் கேப்பிபாரா எல்லாமே இந்தக் கூட்டம்தான். பாலூட்டி இனங்களில் சுமார் 40 சதவீதம் கொறிணிகளே.

முயலையும் பலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். அதன் மேல்முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறிய ஜோடி ஒளிந்திருக்கிறது, ஆகவே அது கொறிணி அல்ல, வேறு விலங்கின வரிசையைச் சேர்ந்தது. பார்வைக்கு எலிபோலவே இருக்கும் மூஞ்சூறும் கொறிணி அல்ல, பூச்சி தின்னி.