மகள் தேடும் கந்தக பாக்டீரியா சோறு போடுமா?

மண்டபத்திலிருந்து எழுதியிருக்கும் அக்காவுக்கு,

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி வருடம் படிக்கும் பெண் புராஜெக்ட்டுக்காக டீசலின் கந்தகத்தை நீக்கும் பாக்டீரியாவைத் தேடி வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் மண் அள்ளிக்கொண்டு திரிகிறாள், இதை வைத்து யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தலைப்புக்காக யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் தடுக்காதீர்கள்.

டீசலில் டைபென்சோதயோஃபீன் என்று கந்தகம் உள்ள ஒரு பொருள் உண்டு. ரோடோகாக்கஸ் இனத்து மண் பாக்டீரியாக்கள் சில, அதன் கரிமக் கூட்டை உடைக்காமல் கந்தகத்தை மட்டும் கழற்றிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சுத்திகரிப்பு ஆலைகள் இன்றும் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனைச் செலுத்தித்தான் கந்தகத்தை நீக்குகின்றன. அந்த வேகம் பாக்டீரியாவுக்கு வராது. ஆயில் கம்பெனியில் எடுத்துக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் எதற்கு இந்தப் பாடு? உப்பளத்து மண்ணில் சல்ஃபேட், அதாவது பாக்டீரியாவுக்குச் சுலபமாகக் கிடைக்கும் கந்தகம், ஏராளம். அது சும்மா கிடைக்கும்வரை பாக்டீரியா டைபென்சோதயோஃபீனைச் சீண்டவே சீண்டாது. அதனால் பாக்டீரியா வளர்க்க சல்ஃபேட் துளியும் இல்லாத ஊட்டக் கரைசல் தயாரிக்க வேண்டும், குடுவையில் சோப்பு எச்சம்கூட ஒட்டியிருக்கக் கூடாது, வளர்ந்ததை மறுபடி மறுபடி புதுக் குடுவைக்கு மாற்ற வேண்டும். கடைசியில் கிப்ஸ் ரீஏஜென்ட் என்ற சோதனை மருந்தை விட்டால் நீலம் வர வேண்டும், அதுதான் கந்தகம் கழன்றதற்கு அடையாளம். வராவிட்டால் திரும்ப முதலிலிருந்து. இந்தக் கைச்சுத்தத்துக்குத்தான் இறால் ஏற்றுமதி நிறுவனங்களின் பரிசோதனைக்கூடத்தில் சம்பளம். நேர்முகத் தேர்வில் "கன்ட்ரோல் என்ன வைத்தாய்?", அதாவது ஒப்பிட்டுப் பார்க்க எதை வைத்தாய் என்று கேட்டால், இதைச் செய்த பெண் திணற மாட்டாள். இறால் குளத்தின் அடிச்சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிப்பதும் கந்தகத்தின் வேலைதான். அந்தப் பண்ணைக்காரர்களோடும் அவளால் பேச முடியும்.

மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் கடற்பாசி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அங்கே வரும் புராஜெக்ட் வேலைகள் தற்காலிகம்தான், மறைக்க மாட்டேன். ஆராய்ச்சி ஆசை இருந்தால் இந்த வருடமே சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதட்டும், ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து பிஎச்.டி. சேர்ந்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய்.

ஒன்றை மட்டும் அவளிடம் கேளுங்கள். கிடைத்த பாக்டீரியா எது என்று கண்டுபிடிக்க டி.என்.ஏ. சீக்வென்சிங்குக்கு வெளியே அனுப்புவார்களே, அந்தப் பணம் யார் கட்டுவது? துறை கட்டினால் சரி. உங்கள் கையிலிருந்து என்றால், எத்தனை மாதிரி அனுப்பப் போகிறார்கள் என்று கைடிடம் இப்போதே பேசிவிடச் சொல்லுங்கள்.