23 வீதம், 9 ஆசனம், ஒரு வட்ஸ்அப் வரைபு

வணக்கம் ஐயா,

நான் வடக்கில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். சில நாட்களாக வட்ஸ்அப்பில் ஒரு வரைபு சுற்றுகிறது. யாழ்ப்பாண மாவட்டச் சனத்தொகை 1981இல் 8.3 லட்சம், 2012இல் 5.8 லட்சம். 2010 பொதுத்தேர்தலில் வாக்களித்தவர்கள் 23 வீதம். பாராளுமன்ற ஆசனங்கள் 9 இலிருந்து 6. 'அடுத்தது பல்கலைக்கழக அனுமதி' என்று கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி. பிள்ளைகள் அதைக் காட்டி, "ரீச்சர், நாங்கள் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறமா?" என்று கேட்கிறார்கள். தேடிப் பார்த்தேன், எண்கள் எல்லாம் அரசாங்க எண்கள்தான். ஆனாலும் எங்கோ உதைக்கிறது. எங்கே என்று பிடிபடவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

உதைக்கிறது என்று உங்களுக்குப் பட்டதே பெரிய விஷயம். பெரும்பாலானவர்கள் பார்த்தவுடன் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். எண்கள் சரி. ஆனால் அவை வேறு வேறு ஆட்களை, வேறு வேறு எல்லைக்குள், வேறு வேறு தேவைக்காக எண்ணியவை. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் ஏற்றியதுதான் பிழை.

முதலில் அந்த 1981. அப்போது கிளிநொச்சி தனி மாவட்டம் இல்லை, யாழ்ப்பாணத்துக்குள் இருந்தது. 1984இல்தான் பிரிந்தது. அந்த 8 லட்சத்து 30 ஆயிரத்தில் கிளிநொச்சி மக்கள் 90 ஆயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள். 2012இன் 5 லட்சத்து 83 ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. கிளிநொச்சியை இரண்டு பக்கமும் கழித்துவிட்டால் 7 லட்சத்து 38 ஆயிரம், 5 லட்சத்து 83 ஆயிரம் ஆகிறது. இழப்பு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். அதுவே போதுமான துயரம், அதை இரண்டரை லட்சம் என்று காட்டத் தேவையில்லை. இன்னொன்று, வரைபில் 1981ஐயும் 2012ஐயும் ஒரு நேர்கோடு இணைக்கிறது அல்லவா? நடுவில் 31 வருடம் இங்கே முழுத் தொகைமதிப்பு (சனத்தொகைக் கணக்கெடுப்பு) நடக்கவில்லை. 2001 தொகைமதிப்பு 18 மாவட்டங்களில்தான் முழுதாக நடந்தது, எங்களுடையது அதில் இல்லை. அந்த 31 வருடத்தில் மக்கள் ஒரே சீராகக் குறையவில்லை. போனார்கள், வந்தார்கள், ஒரே இரவில் முழு ஊரும் கிளம்பியது, திரும்பி வந்து மறுபடியும் கிளம்பியது. அந்தக் கோட்டைப் பிள்ளைகள் முன்னால் அழித்துவிட்டு இரண்டு புள்ளிகளை மட்டும் விட்டுவையுங்கள், அதுதான் நேர்மை.

இனி 23 வீதம். எனக்கு இதுதான் நெடுநாளாக நெஞ்சில் கிடக்கும் எண், கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் (அதாவது யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து) வாக்காளர் இடாப்பில் இருந்த பெயர்கள் ஏறத்தாழ 7 லட்சத்து 21 ஆயிரம். வாக்களித்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரம். வகுத்தால் 23. ஆனால் இரண்டு வருடம் கழித்து, 2012 மார்ச்சில், அதே இரண்டு மாவட்டங்களிலும் வீடு வீடாகப் போய் எண்ணியபோது கிடைத்த மொத்த மக்கள் ஏறத்தாழ 6 லட்சத்து 97 ஆயிரம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் அதற்குள் அடக்கம். அதாவது அந்த ஊரில் இருந்த மொத்த மனிதர்களைவிட இடாப்பில் இருந்த வாக்காளர் கூட. ரொறன்ரோவில் குடியேறி இருபது வருடமானவரின் பெயரும், செத்துப்போனவரின் பெயரும், எங்கே என்றே தெரியாதவரின் பெயரும் அதில் கிடந்தன. அப்புறம் இடாப்பு திருத்தப்பட்டது. 2013 மாகாண சபைத் தேர்தலில் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வாக்காளர்கள்தான். அந்த எண்ணால் வகுத்துப் பார்த்தால் 2010 வாக்களிப்பு 34 வீதம் வரும். அதுவும் குறைவுதான், போர் முடிந்து முள்வேலி முகாம்களுக்குள் இருந்து அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்த சனம், அதில் வியப்பில்லை. ஆனால் நாலில் ஒருவர்கூடப் போகவில்லை என்பதும் மூன்றில் ஒருவர் போனார் என்பதும் ஒன்றல்ல. '23 வீதம்' என்பதை வைத்து எங்கள் மக்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று எழுதியவர்களும் உண்டு, முழுப் புறக்கணிப்பு என்று பெருமையாக எழுதியவர்களும் உண்டு. இரு பக்கமும் வகுத்த எண்ணைப் பார்க்கவில்லை.

இது வடக்கின் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் பதிவான வாக்காளர் 1 கோடியே 71 லட்சம். அதற்கு அடுத்த மாதம் நடந்த தொகைமதிப்பில் மக்கள் 2 கோடியே 17 லட்சத்துக்கு மேல். நூற்றுக்கு 79 பேர் வாக்காளர் என்று வருகிறது. ஆனால் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளே நூற்றுக்கு 21 பேர் அளவில் இருக்கிறார்கள். அப்படியானால் 15, 16, 17 வயதுக்காரர் எங்கே? காரணம் எளிது. கட்டாரிலும் கொரியாவிலும் வேலை செய்கிறவர் தொகைமதிப்பில் வரமாட்டார், ஊர் இடாப்பில் இருப்பார். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கவும் வழியில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களிப்பு வீதம் அவ்வளவுக்குக் குறைந்தே தெரியும்.

ஆசனத்துக்கு வருவோம். 9 இலிருந்து 7 ஆனது ஒரு கதை, 7 இலிருந்து 6 ஆனது வேறு கதை. முதலாவது, நான் மேலே சொன்ன இடாப்புத் திருத்தம். இல்லாத பெயர்களுக்குக் கிடைத்த ஆசனங்கள் அவை. இரண்டாவதுதான் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த நல்ல கணக்கு. 225 பேரில் 29 தேசியப் பட்டியல், ஒன்பது மாகாணங்களுக்கும் தலா நான்காக 36. மிச்சம் 160 ஆசனங்களைத்தான் வாக்காளர் தொகைப்படி பிரிக்கிறார்கள். 2015இல் யாழ் தேர்தல் மாவட்டத்தில் 5 லட்சத்து 29 ஆயிரம் வாக்காளர், 2020இல் 5 லட்சத்து 71 ஆயிரம், 2024இல் 5 லட்சத்து 93 ஆயிரம். பார்த்தீர்களா, கூடிக்கொண்டே வந்திருக்கிறது! ஆனாலும் ஓர் ஆசனம் போனது. 2024 மொத்தத்தை 160ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 7 ஆயிரம், யாழ்ப்பாணத்துக்கு ஐந்தரை வருகிறது. வட மாகாணத்தின் அந்த நான்கில் ஒன்று இதோடு சேரும். முழு எண்ணைக் கொடுத்துவிட்டு, மீதி அதிகமாக உள்ள மாவட்டங்களுக்குத்தான் எஞ்சிய ஆசனங்கள் போகும். முன்னைய தேர்தல்களில் எங்கள் மீதி கொஞ்சம் பெரிது, இந்தமுறை மற்றவர்களுடையது முந்திவிட்டது. கம்பஹாவுக்கு 18 இருந்தது 19 ஆனது. நாங்கள் குறையவில்லை ரீச்சர், மற்ற இடம் எங்களைவிட வேகமாகக் கூடியது.

பல்கலைக்கழக அனுமதிதான் உங்கள் பிள்ளைகளின் உண்மையான பயம் என்று நினைக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் (தமிழில் எழுதிய பிள்ளைகளுக்குக் கூடுதல் புள்ளி கேட்ட முறை) என்ன செய்தது என்பது எங்கள் வீடுகளில் இன்னும் பேசப்படுகிற கதை, அதனால் அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பாராளுமன்ற ஆசனத்துக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அனுமதி வாக்காளர் இடாப்பைப் பார்ப்பதே இல்லை, சனத்தொகையைப் பார்க்கிறது. பொதுவாக 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை விகிதம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 55இல் எண்ணப்படுவது உயர்தரம் எழுதிய பிள்ளைகள் அல்ல, முழு மாவட்டத்து மக்கள், பாட்டியும் பேரப்பிள்ளையும் சேர்த்து. ஒரு பாடநெறிக்கு 1000 இடம் என்று வையுங்கள். மாவட்டங்களுக்கு 550. 2012 கணக்கில் யாழ்ப்பாணத்தின் பங்கு நூற்றுக்கு 2.87, ஆக 16 இடம். பங்கு 2.7க்கு இறங்கினால் 15. அந்த ஓர் இடம் ஒரு பிள்ளையின் வாழ்க்கை, அதை நான் சின்னதாகச் சொல்லவில்லை. ஆனால் வெட்டுப்புள்ளி ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் அந்த வருடம் அதே மாவட்டத்தில் எத்தனை பேர் எவ்வளவு நன்றாக எழுதினார்கள் என்பதில்தான் தங்கியிருக்கிறது. கலைப்பிரிவில் வேறு கணக்கு, அதை இதோடு கலக்க வேண்டாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண்ணையும் யாராவது இந்த வரைபில் ஒட்டுவார்கள், பாருங்கள். அது எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை அல்ல. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடத்துக்குக் காலியிலிருந்தும் பிள்ளை வரும், எங்கள் பிள்ளை மொரட்டுவைக்கும் பேராதனைக்கும் போகும். 2021இல் அதன் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது, அதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுகிறவர் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

வகுப்புக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2012 தொகைமதிப்பு கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் வெளிவந்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் பிரிவின் மொத்த மக்களையும், கிடைத்தால் 18க்கு மேற்பட்டவர்களையும் எடுக்கட்டும். பிறகு அந்தப் பிரிவின் வாக்காளர் எண்ணிக்கையை கிராம சேவகரிடம் கேட்டு எழுதட்டும். இரண்டும் ஒரே வருடத்துக்குரியவை அல்ல என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். பொருந்தாத இடத்தில், தங்கள் தெருவில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று வீட்டில் கேட்டு வரட்டும். என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள், இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்