கூலி உயர்ந்தும் கொலுசு திரும்பி வருவது ஏன்?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் 25 பேர் வேலை செய்யும் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். தீபாவளிக்குப் போனஸ் கொடுத்தேன், கூலியையும் உயர்த்தினேன். ஆனாலும் ஆட்களிடம் ஈடுபாடு இல்லை. பற்றவைத்த இடம் விட்டுப்போய், கொலுசுகள் கடைகளிலிருந்து திரும்பி வருகின்றன. வெள்ளி எடை குறைந்தால் கூலியில் பிடிப்பதுபோல், இதற்கும் அபராதம் பிடிக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: அபராதம் வேண்டாம். அது தவறைக் குறைக்காது, மறைக்கவே பழக்கும். பற்றவைக்கும்போது ஓர் இணைப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்பது அந்த மேசையில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் அப்போதே சொன்னால் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம், கூலி போய்விடுமோ என்று அஞ்சி வாய்மூடி இருந்தால் அதே கொலுசு மெருகேறி, கடைக்குப் போய், உங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வரும். பணியாளர் ஈடுபாட்டைப் பற்றி 1990-இல் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கான், தனக்குத் தீங்கு வராது என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் ஒருவர் வேலையில் முழு மனத்தோடு இறங்குவார் என்றார்.

போனஸ் பற்றி ஒரு சொல்: 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், தகுதியுள்ள தொழிலாளருக்குக் கூலியில் குறைந்தது 8.33 விழுக்காடு போனஸ் சட்டப்படியான உரிமை. உரிமையாக வருவதற்கு ஈடாகக் கூடுதல் உழைப்பை எதிர்பார்ப்பது முறையாகாது. குறைந்த கூலி மனக்குறையை உண்டாக்கும், ஆனால் கூலியை உயர்த்துவதால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது என்று அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் எழுதினார். அவர் பேசியது பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும்தான். ஆகவே பட்டறைக்கு அதை அப்படியே பொருத்த நான் துணியமாட்டேன். ஆனாலும் உங்கள் அனுபவம் அதற்கு அருகில்தான் இருக்கிறது.

நான் முதலில் பார்க்கச் சொல்வது உங்கள் தராசை. காலையில் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கும்போதும் மாலையில் திரும்ப வாங்கும்போதும் தொழிலாளர் எதிரிலேயே நிறுங்கள். அரத்தூளையும் வெட்டுத் துண்டுகளையும் அவர் கணக்கில் சேருங்கள். எடையை அவரிடமே இருக்கும் நோட்டிலும் எழுதிக் கொடுங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு சேதாரம் ஏற்கப்படும் என்பதை மூத்த தொழிலாளர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உள் அறையில் நிறுத்துவிட்டு, 'அரை கிராம் குறைகிறது' என்று வெளியே வந்து சொன்னால், உழைத்தவர் காதில் அது திருட்டுப் பட்டமாகவே விழும்; மறுநாள் அந்தக் கை எப்படிக் கவனமாக வேலை செய்யும்?

திரும்பி வந்த கொலுசுகளைப் பற்றவைப்பவர்கள் கையில் கொடுத்து, எங்கே விட்டது, ஏன் விட்டது என்று அவர்களையே கேளுங்கள். பற்றவைக்கும் பொடியின் கலவையா, அவசர ஆர்டரா என்பதை அவர்களே சொல்வார்கள். அவசரம்தான் காரணம் என்றால், மாற்றிக்கொள்ள வேண்டியது நீங்கள் கடைக்காரருக்குக் கொடுக்கும் தேதியை.