வாண்டுகளோட ஊர் சுத்தலாமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பையனுக்கு அஞ்சு வயசு, பொண்ணுக்கு ரெண்டு. எனக்கும் அவருக்கும் இத்தாலில இருக்கிற பாம்பேய் மாதிரி பழைய இடமெல்லாம் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வீட்ல ஆளாளுக்கு "சின்னப் பசங்க அங்க போய் கல்லையா பாக்கும்?"னு கேக்குறாங்க. பெருசாகட்டும்னு விட்டுடவா?

பதில்: விடாதீங்கம்மா. ஆமா, கல்லைத்தான் பாக்கும், பாக்கட்டுமே! கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சுது, ஊரே சாம்பல்ல புதைஞ்சுதுன்னு ஒரு வரி சொன்னா அஞ்சு வயசுக்குப் போதும், கைடு மாதிரி மன்னர் பேரு, வம்சம்னு ஆரம்பிச்சீங்கன்னா அடுத்த நிமிஷம் "தூக்கு"ம்பான். அதுக்குப் பதிலா தெருவுக்கு நடுவுல ஜனங்க கால் நனையாம தாண்டிப் போறதுக்குன்னு போட்ட பெரிய பெரிய கல்லக் காட்டுங்க, அதுக்கு இடையில வண்டிச் சக்கரம் ஓடி ஓடி பள்ளம் விழுந்திருக்கும், அதக் காட்டி "எந்தப் பக்கமா வண்டி போயிருக்கும்?"னு கேளுங்க. ஒரு வீட்டு வாசல்ல சின்னச் சின்னக் கல் பதிச்சுப் பண்ணின சங்கிலி போட்ட நாய் படம் (மொசைக்) இருக்கு, "நாய் ஜாக்கிரதை"ன்னு லத்தீன்ல எழுதியிருக்கும். பசங்களுக்கு ஊர்ல வேற எதுவும் ஞாபகம் இல்லாட்டியும் அந்த நாய் இருக்கும்.

எனக்குப் பிடிச்ச விஷயம் இன்னொண்ணு. அங்க தெருவோரம் கடை கடையா இருக்கும், கல் மேடையில பெரிய பெரிய வட்ட ஓட்டை, ஜாடி பதிச்சு வச்சு விக்கிறதுக்கு. பொதுச் சதுக்கத்துல குழி குழியா ஒரு கல் பலகை, வியாபாரிங்க அளவுல ஏமாத்தக்கூடாதுன்னு ஊர் சார்பா வச்ச அளவு. காலையில இதப் பாத்துட்டு சாயங்காலம் நிஜ சந்தைக்குக் கூட்டிட்டுப் போய் "இங்க எத வச்சு அளக்குறாங்க, கண்டுபிடி"ன்னு விட்டுப் பாருங்க. காலைல பாத்த இடிஞ்ச இடத்துக்குள்ள ஆளுங்க, சத்தம், வாசனை எல்லாம் அவனே போட்டு நிரப்பிப்பான், நீங்க ஒண்ணும் விளக்க வேண்டாம். அதனால சந்தையும் இடிபாடும் ஒரே ஊர்ல இருக்கிற மாதிரி பாத்துப் போங்க.

எல்லாத்தையும் பாத்தே ஆகணும்னு மட்டும் கிளம்பாதீங்க. கதவு திறக்கிற நேரத்துக்குப் போய் நாலஞ்சு இடம் பாத்துட்டு வெயில் ஏறுறதுக்குள்ள வெளிய வந்துடுங்க, இடிபாட்டுல கூரையும் கிடையாது பெரும்பாலும் மரமும் கிடையாது.

கேள்வி: இந்த மாதிரி இடத்துக்குக் குழந்தையக் கூட்டிட்டுப் போக ஸ்ட்ரோலர்ங்கிற தள்ளுவண்டியா, உடம்போட கட்டிக்கிற பேபி கேரியரா?

பதில்: கேரியர். உருட்டுக்கல் பாவின பழைய தெருவுல ஸ்ட்ரோலர் தள்ளுறது தண்டனை, படிக்கட்டு வந்தா அதையும் சேத்து நீங்கதான் சுமக்கணும். பாம்பேய்ல படி இல்லாத பாதை ஒண்ணு போட்டிருக்காங்க, ஆனா ஊர் முழுக்க அது போகாது. ஜோர்டான்ல இருக்கிற பெட்ராவுல, உள்ள போற வழியான சிக்ங்கிற பாறை இடுக்கு மட்டுமே 1.2 கிலோமீட்டர் கிட்ட, போன தூரம் திரும்பவும் வரணும்ல! அங்கயே மலை மேல இருக்கிற மொனாஸ்டரிங்கிற பாறையில செதுக்கின கட்டடத்துக்கு ஏறணும்னா சுமார் 800 படி, அதெல்லாம் ஒருத்தர் பசங்களோட கீழ இருக்க இன்னொருத்தர் போயிட்டு வர்றதுதான் சரி. கம்போடியாவுல இருக்கிற அங்கோர் வாட் கோயில்லயும் உச்சி அடுக்குக்கு 12 வயசுக்குக் கீழ இருக்கிற பசங்கள விடமாட்டாங்க, இது தெரியாம குடும்பமா வரிசைல நிக்காதீங்க. கேரியர்ல ரெண்டு உடம்புச் சூடும் சேரும், அதனால அடிக்கடி இறக்கி விடுங்க, தண்ணி குடுங்க. ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைன்னா சன்ஸ்க்ரீனை நம்பாம நிழல், தொப்பி, மெல்லிசா முழுக்கை சட்டை. அவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தண்ணி வேண்டாம், பால் மட்டும் அடிக்கடி.

கேள்வி: மேடம், எனக்கு சந்தைன்னாலே பயம், என் மூணு வயசு பொண்ணு கைய உதறிட்டு ஓடிடுவா. இஸ்தான்புல் கிராண்ட் பஜார் போலாம்னு மனைவி சொல்றாங்க.

பதில்: பயம் நியாயம் சார். 60க்கு மேல தெரு, நாலாயிரம் கடை கிட்ட, எந்தப் பக்கம் திரும்புனாலும் அதே விளக்கு அதே கம்பளம், பெரியவங்களே வழி தெரியாம முழிப்பாங்க. ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும். மத்த நாள்ல காலைல திறந்த உடனே போங்க, கூட்டம் சேரும்போது நீங்க வெளிய இருக்கணும்.

கிளம்புறப்ப அவள அன்னைக்குப் போட்ட டிரஸ்ஸோட ஒரு போட்டோ எடுத்துக்கங்க, பதட்டத்துல "என்ன கலர் போட்டிருந்தா"ன்னு கேட்டா யாருக்கும் வாயில வராது. உங்க போன் நம்பர் நாட்டுக் கோடோட அவ கையில, சட்டைக்கை மறைக்கிற இடத்துல பேனாவால எழுதுங்க. பேரை வெளிய தெரியுற மாதிரி எழுத வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிட்டா தெரிஞ்சவங்கன்னு குழந்தை நம்பிடும். "அம்மா அப்பாவக் காணோம்னா நின்ன இடத்துலயே நில்லு, சத்தமா கூப்பிடு, நாங்க வந்துடுவோம்"னு ஹோட்டல்லயே ரெண்டு மூணு தடவ விளையாட்டா நடிச்சுப் பாத்துடுங்க. மூணு வயசுக்கு அதுக்கு மேல சொன்னா ஏறாது. நீங்களும் வந்த வழியவே முதல்ல தேடுங்க. உங்க கையையும் அவ கையையும் சேத்துக் கட்டுற ரிஸ்ட் லிங்க் பட்டை போடலாமான்னா தாராளமா போடுங்க, பாக்கிறவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். பேரம் பேசுற வேலைய ஒருத்தர் எடுத்துக்கிட்டா இன்னொருத்தருக்குக் குழந்தை மட்டும்தான் வேலை, "நீ பாத்துப்பேன்னு நெனச்சேன்"ங்கிற பேச்சுக்கே இடம் வைக்கக்கூடாது.

ஒண்ணு விட்டுட்டேன். இந்த மாதிரி இடத்துலலாம் நாய், பூனை இருக்கும், சில இடிபாட்டுல குரங்கும் இருக்கும், தொட விடாதீங்க. கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி, ஊருக்குத் திரும்பிப் போய்ப் பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது.

கேள்வி: பேரனோட சந்தைக்குப் போனா கண்டதையெல்லாம் கேட்டு அழறான்மா. என்ன பண்ண?

பதில்: உள்ள போறதுக்கு முன்னாடியே "ஒரே ஒரு சாமான், நீயே எடுத்துக்கலாம்"னு சொல்லி காசையும் அவன் கையிலயே குடுத்துடுங்கம்மா. முதல் கடையில வாங்க விடாதீங்க, ஒரு சுத்து சுத்திட்டு வந்து வாங்கலாம்னு சொல்லுங்க. அவன் பொம்மையக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கும்போது மட்டும் பேரம் பேசாதீங்க, கடைக்காரர் ஒரு பைசா குறைக்க மாட்டார்.