காசு கட்டி மேடை ஏறுவது ஏமாற்றா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம்.

வணிகவியல் பட்டம் முடித்த தங்கள் மகள், தானே எழுதி நடிக்கும் ஒரு மணி நேரத் தனிநபர் நாடகத்தை தேர்வுக் குழு இல்லாமல் யாரும் பதிவு செய்து நடிக்கக்கூடிய வெளியூர்த் திறந்த விழா ஒன்றில் நிகழ்த்தத் தங்களிடம் பதிவுக் கட்டணம் கேட்பதாகவும், "திறமை இருந்தால் அவர்களல்லவா முன்பணம் கொடுத்து அழைக்க வேண்டும்?" என்ற எண்ணம் தங்களை உறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. வில்லுப்பாட்டுக்காரரையும் கணியான் கூத்துக் குழுவையும் ஊர்ப் பெரியவர்கள் தேடிப் போய்ப் பேசி முடித்து வருகிறார்கள். செலவை வரி போட்டு ஊரே ஏற்கிறது. திறந்த விழாவில் அந்தச் செலவும் பொறுப்பும் கலைஞருடைய தோளில் இருக்கின்றன. அதை முதலில் புரிந்துகொண்டால், இது ஏமாற்றும் அல்ல, பரிசும் அல்ல என்பது விளங்கிவிடும்.

இதனைப் பாவூர்சத்திரம் சந்தையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தையில் கடை போட இடத்துக்குப் பணம் கட்டுகிறோம்; நம் கத்தரிக்காய் நல்லதா என்று யாரும் சோதித்து உள்ளே விடுவதில்லை; வாங்க வருகிறவர்களே அதனை முடிவு செய்கிறார்கள். திறந்த விழாவிலும் தேர்வுக் குழு கிடையாது. 1947ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பன்னாட்டுக் கலைவிழா தொடங்கியபோது, அழைப்பு இல்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து, கிடைத்த அரங்குகளில் நடித்துவிட்டுப் போயின. அதிலிருந்து வளர்ந்ததுதான் எடின்பரோ ஃபிரிஞ்ச் விழா. 1958இல் அதற்கென ஒரு சங்கம் அமைந்தபோதும், யார் நடிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை அந்தச் சங்கம் எடுத்துக்கொள்ளவில்லை. 2019இல் அங்கே 3,800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் பதிவாயின. பெயரில்லாத ஊரிலிருந்து வரும் பெயரில்லாத கலைஞருக்கும் நிகழ்ச்சிப் பட்டியலில் இடம், டிக்கெட் விற்பனை வசதி, புதிய நாடகங்களைத் தேடி வரும் தயாரிப்பாளர்களையும் விமர்சகர்களையும் சந்திக்கும் வாய்ப்பு ஆகியவை கிடைப்பது அந்தத் திறந்த வாசலால்தான்.

ஆனால் வாசல் திறந்திருப்பதால் வருமானமும் வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. பணம் எங்கே போகிறது என்பது விழாவுக்கு விழா மாறும். எடின்பரோவில் அரங்கத்தாருக்கு வசூலில் ஒரு பங்கு உண்டு. வசூல் எவ்வளவு குறைந்தாலும் இவ்வளவு தர வேண்டும் என்ற குறைந்தபட்சத் தொகையைப் பல அரங்குகள் கேட்கின்றன. அதோடு ஆகஸ்டு மாதத்தில் அந்நகரின் தங்கும் செலவும் ஏறிவிடும். கனடாவில் வழக்கம் வேறு. 1982இல் எட்மன்டன் நகரில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய விழாக்களில் பெரும்பாலும் குலுக்கல் முறையில் இடம் ஒதுக்குகிறார்கள். கலைஞர் வைக்கும் டிக்கெட் விலையில் வரும் வசூல் முழுவதும் கலைஞருக்கே சேர்கிறது. ஆகவே தங்கள் மகள் கேட்கும் விழா எந்த ஊரில் நடந்தாலும், கட்டணம் கட்டுவதற்கு முன் அதன் விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வசூல் யாருக்கு, குறைந்தபட்சத் தொகை உண்டா, டிக்கெட் விலையை வைப்பது யார், வர முடியாமல் போனால் பணம் திரும்புமா என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால், அந்த விழாவை விட்டுவிடலாம்.

இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஆறு பேர் கொண்ட ஒரு குழுவின் நாடகத்தைப் படித்து மனம் நெகிழ்ந்து, தயங்காமல் போய்வாருங்கள் என்று சொன்னேன். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. அவர்கள் நன்றாகவே நடித்தார்கள். ஆனால் ஆறு பேருக்கும் பயணம், தங்குமிடம், சாப்பாடு என்று கடன் ஏறியது. அதை அடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின, அதற்குள் குழுவும் கலைந்துவிட்டது. அந்த நாடகம் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தங்கள் மகள் தனியாக நடிக்கிறார் என்பது இந்த வகையில் பெரிய அனுகூலம். உலகெங்கும் இத்தகைய விழாக்களில் ஒருவர், இருவர் நடிக்கும் நாடகங்கள் மிகுந்திருப்பதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

எனவே அவரிடம் மறுப்புச் சொல்லாமல், கணக்குக் கேளுங்கள். வணிகவியல் படித்தவர்; ஒரு பக்கத்தில் வரவும் செலவும் எழுதிக் காட்ட முடியும். அரங்கின் இருக்கைகளில் கால்வாசி நிரம்பினால் என்ன ஆகும், யாருமே வராவிட்டால் கையை விட்டு எவ்வளவு போகும் என்ற இரண்டு கணக்குகளும் அதில் இருக்க வேண்டும். முழுவதும் போனாலும் வீடு தாங்கக்கூடிய தொகை என்றால் அனுப்பலாம். நகையை அடகு வைத்துத்தான் அனுப்ப முடியும் என்றால் இந்த ஆண்டு வேண்டாம்.

அதற்கு முன் அவர் பாளையங்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும், கல்லூரி வகுப்பறையோ நூலகமோ திருமண மண்டபமோ கிடைத்த இடத்தில், பத்து முறையாவது இந்த நாடகத்தை நடித்துப் பார்க்கட்டும். இத்தகைய விழாக்களில் ஒரே அரங்கில் நாள் முழுவதும் நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடப்பதால், ஒரு குழு பொருள்களை அள்ளிக்கொண்டு வெளியேறவும் அடுத்த குழு மேடையை அமைக்கவும் சில நிமிடங்களே கிடைக்கும். ஒரு பெட்டியில் அடங்கும் பொருள்களோடு நடிக்கவும், தானே தெருவில் நின்று நோட்டீஸ் கொடுத்து ஆள் சேர்க்கவும் பழகியவரே அங்கே திணறாமல் இருப்பார்.

முறையான பயிற்சியும் வேண்டும் என்றால், திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியும், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைத் துறையும் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளன. 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகம் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டம் ஒன்றும் உண்டு. நாடகமும் அதில் அடங்கும். வயது வரம்பு இருப்பதால் அதன் அறிவிப்பை இந்த ஆண்டே கவனிக்கச் சொல்லுங்கள்.

கணக்கு எழுதியானதும் அந்தத் தாளோடு மகளை என்னிடம் அழைத்து வாருங்கள். மூவரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.