சின்ன வயதில் முடிக்க முடியாமல் விட்ட பிரின்ஸ் ஒஃப் பேர்சியாவை இந்த வயதில் திரும்ப விளையாடுவதில் அர்த்தம் இருக்கிறதா?

ஓம், இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் கேமில் ஓடுகிற ஒரு மணித்தியாலக் கடிகாரத்தில் கை வைக்காமல் விளையாட வேண்டும்.

நாற்பது வயதாகப் போகிறது, மூன்றாம் கட்டத்தைத் தாண்டினதே இல்லை, வீட்டில் சிரிக்கிறார்கள், யூடியூபில் முடிவைப் பார்த்துவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பார்த்தும் மனம் ஆறாததால்தான் வந்து கேட்கிறீர்கள்.

இந்தக் கேமைத் தெரியாதவர்களுக்காக ஒரு பந்தி. ஜோர்டன் மெக்னர் என்ற ஓர் இளைஞர் ஏறக்குறைய தனி ஆளாக நான்கு வருசம் உட்கார்ந்து செய்தது. 1989இல் ஆப்பிள் 2 கொம்பியூட்டருக்கு வந்தது, அடுத்த வருசம் விண்டோஸுக்கு முன்பிருந்த டொஸ் கொம்பியூட்டர்களுக்கு வந்தது. சுல்தான் ஊரில் இல்லாத நேரம் மந்திரி ஜாஃபர் இளவரசியைப் பிடித்து வைத்து, ஒரு மணித்தியாலம் தவணை கொடுக்கிறான்: ஒன்றில் என்னைக் கட்டு, இல்லையென்றால் சாவு. நிலவறையில் வாள்கூட இல்லாமல் கிடக்கிற ஒருவன் அந்த 60 நிமிசத்துக்குள் மேலே வந்து சேர வேண்டும். இத்தனை உயிர்தான் என்ற கணக்கு இதில் இல்லை. முள்ளில் விழலாம், வெட்டுப்படலாம், அந்தக் கட்டத்தின் தொடக்கத்திலிருந்து திரும்ப வரலாம். போன நேரம் மட்டும் திரும்பி வராது.

இனி என் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இலங்கையின் கிழக்கில் இருக்கிற களுவாஞ்சிக்குடி ஆள். 1997, 98 காலத்தில் கல்முனையில் ஒரு கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். ஒரு கடை மாடியில் இரண்டு அறை, விரல் விட்டு எண்ணக்கூடிய மெசின்கள், ஒவ்வொன்றுக்கும் துணியில் தைத்த உறை. செருப்பை வெளியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டொஸ் கட்டளைகளும், கடிதம் தட்டச்சு செய்கிற வேர்ட்ஸ்டாரும் படிப்பித்தார்கள். கொடுத்த பயிற்சியை முடித்துவிட்டால், அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வரும்வரை படிப்பிக்கிற சேர் எங்களைக் கேம் விளையாட விடுவார். மிஞ்சிப் போனால் அரை மணித்தியாலம். ஒரு மெசினில் மட்டும்தான் பிரின்ஸ் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். கேமுக்கு வேண்டியது ஒரு மணித்தியாலம், எங்களுக்குக் கிடைத்தது அரை மணித்தியாலம். அதிலும் கீபோர்டைச் சுற்றி ஐந்தாறு பேர். கரண்ட் எப்போது போகும், பஸ் எப்போது நிற்கும் என்று தெரியாத யுத்த காலம், இருட்டுமுன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் வேறு. யாருக்குமே முழு ஒரு மணித்தியாலம் கிடைத்ததில்லை.

அப்ப எப்படி விளையாடினோம்? டொஸ் கேமில் மூன்றாம் கட்டத்திலிருந்து கண்ட்ரோலையும் ஜியையும் சேர்த்து அமத்தினால் சேவ் ஆகும். ஆனால் ஒரே ஒரு சேவ்தான். புதிதாக ஒருவர் சேவ் பண்ணினால் பழையது அழிந்துவிடும். மிச்சமிருக்கிற நிமிசமும் அதோடு சேர்ந்தே பதியும். ஆக ஐந்தாறு பொடியன்களுக்கும் சேர்த்து ஒரே ஓட்டம், ஒரே கடிகாரம். ஒருவன் ஆறாம் கட்டத்தில் மொத்தமாக நிமிசத்தைக் கரைத்துவிட்டு சேவ் பண்ணினால், அடுத்த நாள் வருகிற எல்லோருக்கும் மிஞ்சுவது அவன் விட்டுப்போன எச்சம்தான்.

இதற்கு எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. போட்டவர் மருதமுனையிலிருந்து வருகிற ஒரு நானா (முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்). எங்களைவிட இரண்டு மூன்று வயது மூப்பு, ஏ.எல். (உயர்தரம்) படித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. கட்டத்துக்குள் நுழைந்த உடனே மட்டும்தான் சேவ், நடுவில் பண்ணவே கூடாது. போன தடவை இதே கட்டத்துக்கு வந்தபோது மிஞ்சிய நிமிசத்தைவிட இப்போது கூட இருந்தால்தான் சேவ். அதற்கென்று தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்: கட்ட இலக்கம், அதற்கு நேரே நிமிசம். ஸ்பேஸ் பாரை அமத்தினால் திரையின் அடியில் மிச்ச நேரம் காட்டும். ஒருவன் விளையாட, இன்னொருவன் ஸ்பேஸ் பாரை அமத்த, நானா பேனையால் வெட்டி எழுதுவார். தமிழ்ப் பொடியன், முஸ்லிம் பொடியன் என்று பார்க்காமல் அந்த வயதில் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு காரியம் செய்தோம் என்றால் அது அந்தக் கொப்பிதான்.

எட்டாம் கட்டம் வரை வந்தோம். கதவு மூடி அடைபட்டு நிற்கும்போது சின்ன வெள்ளை எலி ஒன்று ஓடி வந்து மிதிகல்லை மிதித்துக் கதவைத் திறந்துவிடுமே, அதைக் கண்ட அன்று அந்த மாடியே அதிர்ந்தது. சேர் மற்ற அறையிலிருந்து ஓடி வந்தார். அதன் பிறகு சில வாரத்தில் மெசின்களையெல்லாம் விண்டோஸ் 95க்கு மாற்றினார்கள். பிரின்ஸும் போனது, சேவும் போனது. நானா பரீட்சை என்று வருவதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான்.

இதை வாசித்துவிட்டு, "சனம் பட்ட பாட்டுக்குள்ளே உங்களுக்குக் கேம் கதையா" என்று யாராவது கேட்பார்கள். முன்பும் ஒரு பதிலுக்குக் கேட்டிருக்கிறார்கள். பட்ட பாட்டை நானும் பட்டவன். அதைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறேன். பதினைந்து வயதுப் பொடியனுக்கு அந்த மாடியில் கிடைத்த அரை மணித்தியாலம் சும்மா பொழுதுபோக்கு இல்லை. இதை விளங்காதவருக்கு என்னால் விளங்கப்படுத்த முடியாது.

இப்போது மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் இருக்கிறேன். போன வருசம் திரும்ப விளையாடி முடித்தேன். டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால் எந்த லப்டொப்பிலும் ஓடும். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பிரௌசருக்குள்ளேயே பழைய டொஸ் கேம்களை விளையாடலாம்.

மூன்றாம் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மிதிகல்லை மிதித்ததும் தூரத்தில் கதவு ஏறும், ஏறி முடித்ததும் கிறீச் கிறீச்சென்று இறங்கத் தொடங்கும். நடுவில் பள்ளங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சத்தம் கேட்ட உடனே பதறி ஓடுவீர்கள். இந்தப் பிரின்ஸ் மற்றக் கேம் பொம்மைகள் மாதிரி இல்லை. விசையிலிருந்து கையை எடுத்தாலும் இன்னோர் எட்டு வைத்துச் சறுக்கித்தான் நிற்பான். தூரமாகத் தாவ முன்னும் ஓடி வேகம் எடுக்க வேண்டும். மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம் பிடித்து, அந்தப் படங்களின் மேல்தான் ஓடுகிற, தாவுகிற அசைவுகளை வரைந்தார். உண்மையான மனிதன் ஓடுகிற ஓட்டம் அது, அதனால் உண்மையான மனிதனுக்கு வேண்டிய இடமும் அதற்கு வேண்டும். ஷிப்டை அமத்திக்கொண்டு அம்பு விசையைத் தட்டினால் ஒவ்வோர் அடியாக வைத்து விளிம்புவரை போய் நிற்பான். விளிம்பு எங்கே, எத்தனை அடி பின்னால் போனால் ஓட இடம் கிடைக்கும் என்று முதலில் நடந்து பார்த்து வையுங்கள். நின்ற இடத்தில் மேலே ஒருக்கா குதித்தால், பக்கத்தில் ஆட்டம் கண்டிருக்கிற கற்கள் கடகடவென்று நடுங்கும். எது விழப்போகிற கல் என்று அப்படித்தான் அறிய வேண்டும். இதற்குச் செலவாகிற நிமிசம் வீண் இல்லை. பதறி விழுந்து விழுந்து எழும்புகிற நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அந்தக் கட்டத்தின் எலும்புக்கூட்டுக்காரனை எத்தனை குத்துக் குத்தினாலும் சாகமாட்டான். பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழுத்துங்கள்.

நாலாம் கட்டத்தின் கண்ணாடியிலிருந்து வருகிற நிழலைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், நீங்களே காணுங்கள். ஆனால் அது எப்படி வந்தது என்பது தெரிய வேண்டிய விசயம். ஆப்பிள் 2இன் நினைவகத்தில் இன்னோர் ஆளை வரைந்து வைக்க இடமே இருக்கவில்லை. பிரின்ஸின் படங்களையே எடுத்து, கொஞ்சம் தள்ளி, அதன் மேலேயே போட்டு மெக்னர் நிழல் மனிதனை உண்டாக்கினார். இடம் இல்லாமல்போன அந்த நெருக்கடியிலிருந்துதான் இந்தக் கேமின் ஆகத் திறமான பகுதி பிறந்தது. மெக்னரின் தகப்பன் பிரான்சிஸ்தான் இதற்கு இசை அமைத்தவர். 2012இல் கேமின் மூலக் குறியீடு (சோர்ஸ் கோட்) இருந்த பழைய டிஸ்க்குகள் வெளியே வந்ததும் அந்தத் தகப்பன் அனுப்பிவைத்த பெட்டிக்குள்ளிருந்துதான். அதை மெக்னர் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார்.

இப்போது வருகிற சில வடிவங்களில் எந்த நொடியிலும் சேவ் பண்ணலாம், விழுந்தால் அந்த நொடிக்கே திரும்பலாம். பழைய டொஸ் பிரதியிலேயே மெகாஹிட் என்று சேர்த்து அடித்துத் தொடங்கினால் கட்டங்களைத் தாண்டிப் போகிற குறுக்கு வழி இருந்தது. அப்படி விளையாடினவர்கள் கோபிக்க வேண்டாம், உங்களைக் குறை சொல்லவில்லை. அவரவர் விருப்பம். ஆனால் மூன்றாம் கட்டத்தில் நின்றுபோன ஏக்கத்தோடு கேட்கிற ஒருவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நேரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கதவும் பள்ளமும்தான்.

நேரம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நான் விளையாடும்போது தங்கச்சியின் மகன் வந்து பக்கத்தில் உட்காருவான். நாலாம் ஆண்டு படிக்கிறான். ஸ்பேஸ் பாரை அமத்துவது அவன் வேலை. "மாமா, அந்தக் கல்லு ஆடுது, நில்லுங்க" என்று எனக்கு முதலே சொல்லுவான், கண் அவ்வளவு கூர்மை. ஒரு கட்டம்கூட முழுதாக முடிவதற்குள் வெளியே மோட்டார் சைக்கிள் ஹோன் அடிக்கும். டியூசன். அஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்கு நாலாம் ஆண்டிலிருந்தே தயார்படுத்துகிறார்களாம். பள்ளிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சனி ஞாயிறு இரண்டு நேரம். பாஸான பிள்ளையின் படத்தைப் பெரிய பதாகையில் அடித்துச் சந்தியில் கட்டுகிறார்கள். புள்ளி குறைந்த பிள்ளை தினமும் அதைக் கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் செய்கிறோமே என்று யாருக்கும் உறுத்தவில்லை. எங்களுக்குக் கரண்ட் இல்லை, மெசின் இல்லை, பாதை இல்லை, அதனால் ஒரு மணித்தியாலம் கிடைக்கவில்லை. இவனுக்கு எல்லாம் இருக்கிறது. நாங்களே பறித்துக்கொண்டோம். தங்கச்சியிடம் சொன்னால், "உங்களுக்கென்ன அண்ணா, வகுப்பில மற்றப் பிள்ளைகள் எல்லாம் போகுது" என்கிறாள். அவளையும் முழுதாகக் குற்றம் சொல்ல முடியவில்லை. கேட்ட கேள்விக்கு இதில் சம்பந்தம் இல்லைதான், ஆனால் எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

சரி. முடித்த அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கண்ட்ரோல் ஜி ஒரு தடவைகூட அமத்தாமல், ஒரே இருப்பில், சொற்ப நிமிசம் மிச்சமிருக்க ஜாஃபர் விழுந்தான். கை நடுங்கியது உண்மை. திரையைப் படம் பிடித்து நானாவுக்கு அனுப்பினேன். அவர் இப்போது தோஹாவில் இருக்கிறார். பேசியே பல வருசம். கொஞ்ச நேரத்தில் வொய்ஸ் மெசேஜ் வந்தது: "டேய் தம்பி, நடுவில சேவ் பண்ணினியா இல்லையா, அத முதல்ல சொல்லு." இல்லை நானா என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை லீவில் தானும் தொடங்கிவிட்டார். இப்போது ஏழாம் கட்டத்தில் நிற்கிறார், மிச்ச நிமிசத்தை எனக்கு அனுப்புகிறார், நான் எழுதி வைக்கிறேன்.

நீங்களும் தொடங்குங்கள். வீட்டில் சிரிப்பவர்களைப் பக்கத்தில் இருத்தி ஸ்பேஸ் பாரைக் கொடுத்துவிடுங்கள். மூன்றாம் கட்டத்துக்குள் நுழைகிறபோது எத்தனை நிமிசம் மிச்சம் இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். 50க்குக் கீழே என்றால் முதல் இரண்டு கட்டத்தையும் திரும்ப ஓடுங்கள், அங்கேதான் நேரம் வீணாகியிருக்கும்.