பழைய படகில் நகராத, ஒழுகும் சறுக்கு ஜன்னல்

வணக்கம். ஜன்னல் இறுகிப்போய் நகரவில்லை, மழைக்கு உள்ளே தண்ணீர் சொட்டுகிறது, மொத்தமாக மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வடியும் சிறு துளைகளைப் பாருங்கள். மெல்லிய கம்பியால் குத்தினால் வருடக்கணக்கான அழுக்கு வரும். ஒழுகல் அதோடு நின்றாலும் நிற்கும். அந்தத் துளைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்த புண்ணியவான் நான். தண்ணீர் முழுக்க கேபினுக்குள்தான் வந்தது!

ஜன்னல் சறுக்கும் பள்ளத்தில் இருக்கும் வெல்வெட் போன்ற பட்டை மட்கியிருந்தால் உரித்துவிட்டுப் புதிது போடுங்கள். அலுமினியச் சட்டத்தில் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், எஃகுத் திருகும் உப்பு நீரும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கின்றன என்று அர்த்தம். சட்டம் பொத்தல் விடாதவரை காப்பாற்றலாம்.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகை) போடுவதானால் கொஞ்சம் இடைவெளி விட்டு வெட்டுங்கள். 1 மீட்டர் பலகை 30 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 2 மி.மீ. நீளும். இடுக்கை அடைக்கும் பாலிசல்ஃபைடு பசை அக்ரிலிக்குக்கு ஆகாது. ஆல்கஹால் போட்டும் துடைக்காதீர்கள், மயிரிழை விரிசல் விடும்; சோப்புத் தண்ணீர் போதும். சட்டத்தைப் படகில் பதிக்க என் தேர்வு பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் பட்டை. பின்னால் கழற்ற வேண்டியிருந்தாலும் சிரமமில்லை.